34-ல் 24: மிட் சஃபோக் மாவட்டக் கவுன்சில் முடிவை எப்படிப் படிப்பது?

#1 சீட்டுக்கணக்கன்

2023 மே 4 தேர்தலில் கிழக்கு இங்கிலாந்தில் உள்ள மிட் சஃபோக் மாவட்டக் கவுன்சிலை கிரீன் கட்சி பிடித்ததை எல்லோரும் "கிரீன் அலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எண்களை வரிசையாக வைத்தால் வேறு கதை தெரிகிறது.

2015: 40 இடம். கன்சர்வேட்டிவ் 29, கிரீன் 5, லிபரல் டெமாக்ரட் 4, சுயேச்சை 2.
2019: எல்லைகளை மாற்றி 34 இடமாகக் குறைத்தார்கள், 26 வார்டு. கன்சர்வேட்டிவ் 16, கிரீன் 12, லிபரல் டெமாக்ரட் 5, சுயேச்சை 1.
2023: அதே 34 இடம், அதே 26 வார்டு. கிரீன் 24, கன்சர்வேட்டிவ் 6, லிபரல் டெமாக்ரட் 4.

பெரும்பான்மைக்கு 18 போதும். இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் கிரீன் தனிப் பெரும்பான்மை பெற்றது இதுதான் முதல் தடவை. 2011-ல் பிரைட்டனில் அவர்கள் நடத்தியது சிறுபான்மை ஆட்சி.

5, 12, 24. ஒரே இரவில் வந்தது அல்ல இது. அலை என்று சொல்பவர்கள் அதே நாளின் பிரைட்டன் அண்ட் ஹோவ் முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே ஆட்சியில் இருந்த கிரீன் 7 இடத்துக்கு இறங்கியது, லேபர் 54-ல் 38 எடுத்தது. ஒரே கட்சி, ஒரே நாள், ஒரு ஊரில் ஏற்றம், இன்னோர் ஊரில் சரிவு. இதில் அலை எங்கே?

#2 மழைத்தூறல்

அலை இல்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியுமா? அந்த ஆண்டு இங்கிலாந்து முழுக்க கன்சர்வேட்டிவ் கட்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்சிலர்களை இழந்தது. மிட் சஃபோக்கில் போன பத்து இடமும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆளுங்கட்சி மீது வெறுப்பு, எதிரே கையில் கிடைத்தவருக்கு வாக்கு. பிரைட்டனில் கோபம் கிரீன் மீது, மிட் சஃபோக்கின் ஸ்டோமார்க்கெட்டில் கன்சர்வேட்டிவ் மீது. அவ்வளவுதான்.

#3 சீட்டுக்கணக்கன்

வெறுப்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பு ஏன் லேபருக்குப் போகவில்லை என்பதுதான் கேள்வி. நாடு முழுக்க அன்று அதிகம் வென்றது லேபர். மிட் சஃபோக்கில் லேபருக்கு ஒரு இடம்கூட இல்லை. கன்சர்வேட்டிவ் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்படும் வார்டுகளில், முதலிடத்துக்கு வரத் தயாராக நின்றது யார் என்பதுதான் தீர்மானிக்கிறது. 2019-லேயே 12 இடத்தில் கிரீனுக்கு வென்ற ஆளும், வீட்டுக்கு வீடு பெயர்ப்பட்டியலும் இருந்தன.

2019-ன் கணக்கையும் ஒருதரம் கூட்டிப் பாருங்கள். கன்சர்வேட்டிவ் 16, சுயேச்சை 1, ஆக 17. கிரீன் 12, லிபரல் டெமாக்ரட் 5, அதுவும் 17. கத்தி முனையில் நின்ற கவுன்சில் அது. 1972 உள்ளாட்சிச் சட்டப்படி வாக்கு சமமானால் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. அதனால்தான் அப்படிப்பட்ட கவுன்சிலில் தலைவர் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதற்கே சண்டை நடக்கும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் சங்கிலி அணியும் அலங்காரப் பதவி.

#4 கீற்று

சதவீதம் யாராவது போடுங்களேன் அண்ணா. ஒரு பக்கத்தில் ஒரு எண், இன்னொரு பக்கத்தில் வேறு எண். எதை நம்புவது?

#5 சீட்டுக்கணக்கன்

இரண்டும் சரியாக இருக்கலாம் தங்கச்சி. கணக்குப் போட்ட முறை வேறு, அவ்வளவுதான். மிட் சஃபோக்கில் சில வார்டுக்கு ஒரு கவுன்சிலர், சில வார்டுக்கு இருவர். இருவர் வார்டில் ஒரு வாக்காளர் இரண்டு பேருக்குப் போடலாம், ஒருவருக்கு மட்டும் போட்டாலும் செல்லும். அங்கேதான் சதவீதம் வழுக்குகிறது.

கற்பனையாக ஒரு வார்டு வைத்துக்கொள்வோம். இரண்டு இடம், செல்லும் வாக்குச்சீட்டு 1,000.

கிரீன் முதலாமவர் 480, இரண்டாமவர் 420
கன்சர்வேட்டிவ் முதலாமவர் 430, இரண்டாமவர் 390
லேபர் ஒரே ஒருவர் 140

வென்றவர்கள் 480-ம் 430-ம். ஆளுக்கொரு இடம். இரண்டாவது கிரீன் வேட்பாளர் 10 வாக்கில் தோற்றார்.

முறை ஒன்று, எல்லா வாக்கையும் கூட்டுவது: மொத்தம் 1,860. கிரீன் 900, அதாவது 48.4%. கன்சர்வேட்டிவ் 44.1%. லேபர் 7.5%.
முறை இரண்டு, கட்சிக்கு ஒரு முன்னணி வேட்பாளரை மட்டும் எடுப்பது: 480, 430, 140, மொத்தம் 1,050. கிரீன் 45.7%, கன்சர்வேட்டிவ் 41.0%, லேபர் 13.3%.
முறை மூன்று, கட்சிக்குள் சராசரி எடுப்பது: 450, 410, 140. கிரீன் 45%, கன்சர்வேட்டிவ் 41%, லேபர் 14%.

லேபரைப் பாருங்கள். ஒரே தேர்தல், ஒரே சீட்டுகள்; ஒரு முறையில் 7.5, இன்னொன்றில் 13.3. இரண்டு இடத்துக்கு ஒரே ஆளை நிறுத்திய கட்சி முதல் முறையில் பாதியாகத் தேய்ந்து போகும். இதையெல்லாம் மாவட்டம் முழுக்கக் கூட்டும்போது இருவர் வார்டு வாக்காளர்களுக்கு இரட்டை எடை விழுந்துவிடுகிறது. ஒருவர் வார்டு, இருவர் வார்டு என்று கலந்து கிடக்கும் கவுன்சிலில் முறை ஒன்றை நான் பயன்படுத்தமாட்டேன்.

#6 மழைத்தூறல்

இந்தக் கற்பனை வார்டில் 140 வாக்கு காணாமல் போயிருக்கிறதே? 1,000 சீட்டுக்கு 2,000 வாக்கு வரவேண்டாமா?

#7 சீட்டுக்கணக்கன்

காணாமல் போகவில்லை, போடப்படவே இல்லை. ஒருவருக்கு மட்டும் போட்ட சீட்டுகள். இதனால்தான் மொத்த வாக்கை இரண்டால் வகுத்து "930 பேர் வாக்களித்தார்கள்" என்று எழுதுவது பிழை. வாக்குப்பதிவு விகிதம் வேண்டுமென்றால் சீட்டை எண்ணவேண்டும், வாக்கை அல்ல.

#8 வன்னியூரான்

சீட்டு அண்ணை, ஒரு விசயம் விட்டுட்டீங்கள். உங்கட கற்பனை வார்டில ஒரே கட்சியின்ர முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில 60 வாக்கு வித்தியாசம். அது எங்கயிருந்து வந்தது எண்டு கேட்டால் பாதிப்பேர் "ஆள் செல்வாக்கு" எண்டு சொல்லுவினம். சில இடத்தில அது உண்மை. ஆனால் வாக்குச்சீட்டில பெயர் வாறது குடும்பப்பெயர் அகரவரிசையில. கட்சி வாரியாக் குழு சேர்க்கிறது இல்லை. மேல இருக்கிறவருக்குப் புள்ளடி (X குறி) போட்டு, கீழ தேடாமல் மடிச்சுப் பெட்டியில போடுற ஆக்கள் இருக்கினம். ஒரே கட்சியில ரெண்டு பேர் நிண்டால் அகரவரிசையில முந்தி வாறவருக்குக் கொஞ்சம் கூட விழுறது தேர்தல் ஆய்வுகளில பலமுறை கண்ட விசயம்.

அதால இருவர் வார்டில பிரசாரத் துண்டுப்பிரசுரத்தில சின்னம் போட்டாப் போதாது. "உங்களுக்கு இரண்டு வாக்கு, இந்த இரண்டு பேருக்கும்" எண்டு பெயர் எழுதி, சீட்டில இருக்கிற மாதிரியே படமும் போடவேணும். அதைச் செய்யாத கட்சிக்கு ஒரு இடம் கிடைச்சு மற்றது பத்து இருபது வாக்கில போகும்.

#9 கீற்று

இருவர் வார்டில் எண்ணுவது எப்படி? சீட்டு சீட்டாகக் கட்சிக்கு ஒரு குவியல் போட முடியாதே. ஒரே சீட்டில் ஒரு கிரீன், ஒரு கன்சர்வேட்டிவ் இருந்தால்?

#10 விதிநூல்

நல்ல கேள்வி. வேட்பாளர்களின் முகவர்களே தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் சரிபார்ப்பு. இரவு 10 மணிக்கு வாக்குச்சாவடி மூடியதும் பெட்டியோடு ஒரு கணக்குத் தாள் வரும்: எத்தனை சீட்டு கொடுத்தார்கள், எத்தனை மிச்சம், எத்தனை பாழாகி மாற்றிக் கொடுத்தார்கள். பெட்டியைக் கொட்டி, யாருக்கு வாக்கு என்று பிரிக்காமல், எண்ணிக்கையை மட்டும் அந்தத் தாளோடு ஒப்பிடுவார்கள். ஒன்றிரண்டு குறைந்தால் பெரும்பாலும் வாக்காளர் சீட்டைக் கையோடு எடுத்துப் போயிருப்பார், அல்லது பக்கத்துப் பெட்டியில் போட்டிருப்பார். ஒரே மண்டபத்தில் மாவட்டத் தேர்தலும் ஊர்ச்சபைத் தேர்தலும் சேர்ந்து நடந்தால் இது சாதாரணம். அதனால் எல்லாப் பெட்டியும் சரிபார்த்து முடியும்வரை கணக்கை மூடக்கூடாது. தபால் வாக்குகளைத் தனியாக எண்ணக்கூடாது. குறைந்தது ஒரு பெட்டிச் சீட்டுகளோடு கலந்த பிறகே எண்ணவேண்டும்.

பிறகு பிரிப்பு. இருவர் வார்டில் முதலில் "கட்டு வாக்கு" எடுப்பார்கள்: ஒரே கட்சியின் இருவருக்கும் போட்ட சீட்டுகள். அவை குவியலாக எண்ணிவிடலாம், ஒரு சீட்டு இருவருக்கும் ஒவ்வொன்று. மிச்சமிருப்பது கலப்புச் சீட்டுகளும் ஒற்றை வாக்குச் சீட்டுகளும். இவற்றுக்கு ஒரு கட்டத்தாள் வேண்டும்: இடப்பக்கம் வேட்பாளர் பெயர்கள், மேலே சீட்டு எண் 1 முதல் 25 வரை. ஒருவர் சீட்டைப் படிக்க மற்றவர் குறிப்பார். சில கவுன்சில்களில் சீட்டுகளையே படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று தள்ளி ஒட்டி, குறிகள் மட்டும் தெரியும்படி வைத்து, வேட்பாளர் வரிசையில் குறுக்கே எண்ணுவார்கள்.

பிழை நுழையும் இடங்கள் இரண்டு. ஒன்று, கட்டத்தாளில் வரிசை தவறுவது. இதற்குச் சோதனை எளிது: 25 சீட்டுத் தாளில் எல்லா வரிசையின் கூட்டும் 50-லிருந்து பயன்படாத வாக்கைக் கழித்ததற்குச் சமமாக வரவேண்டும். வரவில்லையென்றால் அந்தத் தாளை மட்டும் திரும்ப எண்ணினால் போதும், முழு வார்டையும் அல்ல. ஆனால் இந்தச் சோதனை பிடிக்காத பிழையும் உண்டு: குறியைப் பக்கத்து வேட்பாளர் வரிசையில் போட்டிருந்தால் கூட்டு சரியாகவே வரும். அதனால் படிப்பவரையும் குறிப்பவரையும் முகவர் இருவருமாகப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

இரண்டாவது, கட்டுகள். 25 சீட்டுக் கட்டு ஒன்று தவறான தட்டில் போய்விட்டால் ஒருவருக்கு 25 குறையும், மற்றவருக்கு 25 கூடும். வித்தியாசம் 50 மாறும். கட்டின் மேல் சீட்டு ஒரு வேட்பாளருக்கும் உள்ளே இன்னொருவருக்கும் இருப்பதும் நடக்கும். எனவே 50-க்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால், மறு எண்ணிக்கை கேட்பதற்கு முன்னால் கட்டுகளை விசிறிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, பெரும்பாலான பெரிய பிழை அதில் மாட்டும்.

#11 தேர்முட்டி

விதிநூல் ஐயா சொன்னதோடு ஒன்று. மறு எண்ணிக்கையை வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோதான் கேட்க முடியும், எண்ணிக்கை முகவருக்கு அந்த உரிமை இல்லை. முடிவை அறிவிப்பதற்கு முன்பே கேட்கவேண்டும். நியாயமற்றது என்று பட்டால் தேர்தல் அதிகாரி மறுக்கலாம். அறிவித்த பிறகு இரண்டு பேரின் எண்ணை மாற்றிப் படித்துவிட்டார் என்று தெரிந்தாலும் அவரால் திருத்த முடியாது. தேர்தல் மனு ஒன்றே வழி. தேர்தல் நாளிலிருந்து 21 நாளுக்குள் தாக்கல் செய்யவேண்டும், செலவுக்குப் பிணைத்தொகையும் கட்டவேண்டும். நாள் தவறினால் கதவு மூடிவிடும்.

தற்காலிக எண்ணை முகவர்களிடம் காட்டும் அந்த இரண்டு நிமிடம்தான் எல்லாம். அப்போது வெளியே டீ குடிக்கப் போகாதீர்கள்.

#12 மழைத்தூறல்

சரிசமமாக வந்தால்?

#13 விதிநூல்

சீட்டுக் குலுக்கல். உடனே, அங்கேயே. குலுக்கலில் வந்தவருக்கு ஒரு வாக்கு கூடியதாகக் கணக்கு. எந்த முறையில் குலுக்குவது என்று விதி சொல்லவில்லை: உறை, துண்டுச்சீட்டு, குச்சி எதுவும் ஆகலாம். 2017-ல் நார்தம்பர்லாந்து கவுன்சிலின் சவுத் பிளைத் வார்டில் குச்சி இழுத்து லிபரல் டெமாக்ரட் வென்றது. அந்த ஒரு இடம் போனதால் கன்சர்வேட்டிவ் 67-ல் 33-ல் நின்றது. பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. ஒரு குச்சியின் நீளம் நான்கு வருட ஆட்சிக் கணக்கை மாற்றியது.

#14 கீற்று

செல்லாத வாக்கு எது எது? நோட்டா மாதிரி ஏதாவது உண்டா?

#15 விதிநூல்

நோட்டா இல்லை. செல்லாதவை நான்கு வகை: அதிகாரபூர்வக் குறி இல்லாதது, அனுமதித்ததைவிட அதிகம் பேருக்குப் போட்டது, வாக்காளர் யார் என்று அடையாளம் காட்டும் எழுத்தோ குறியோ உள்ளது, வெறுமையாக விட்டது அல்லது யாருக்கு என்று நிச்சயமாகத் தெரியாதது.

புள்ளடிதான் போடவேண்டும் என்பதில்லை. சரிக்குறி, வட்டம், சிரிக்கும் முகம் எதுவானாலும் ஒரு வேட்பாளரை நோக்கி நோக்கம் தெளிவாக இருந்தால் செல்லும். சீட்டின் குறுக்கே திட்டி எழுதிவிட்டு ஒருவருக்குத் தெளிவாகப் புள்ளடியும் போட்டிருந்தால் பெரும்பாலும் செல்லும், திட்டு அவருடைய பெயரையோ முகவரியையோ காட்டாதவரை. 2019-ல் பல எண்ணிக்கை மண்டபங்களில் பிரெக்சிட் என்று எழுதிய சீட்டுகள் குவிந்தன. புள்ளடி இல்லாமல் எழுத்து மட்டும் இருந்தவை போயின.

இருவர் வார்டில் இன்னொரு நுணுக்கம்: ஒரு சீட்டு பாதி செல்லும். ஒரு குறி தெளிவு, மற்றது இரண்டு கட்டத்தின் நடுக்கோட்டில் என்றால் தெளிவான வாக்கை எண்ணிக்கொண்டு மற்றதை மட்டும் தள்ளுவார்கள். முகவர்கள் முழுச் சீட்டையும் தள்ளச் சொல்லி வாதாடுவதைப் பார்க்கலாம். விதி அப்படி அல்ல.

#16 மழைத்தூறல்

2023-தான் அடையாள அட்டை கட்டாயமான முதல் தேர்தல். அது முடிவைப் புரட்டியிருக்காதா?

#17 சீட்டுக்கணக்கன்

மிட் சஃபோக் அளவுக்குப் புரட்டியிருக்க வாய்ப்பில்லை. தேர்தல் ஆணையத்தின் கணக்கில் அன்று இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்கு வந்து அடையாள அட்டைக் காரணத்தால் வாக்களிக்காமலே போனவர்கள் குறைந்தது 0.25%, ஏறத்தாழ 14,000 பேர். 400 பேருக்கு ஒருவர். ஆனால் இது மேசைவரை வந்தவர்களின் கணக்கு. வாசலில் "அட்டை இருக்கா?" என்று கேட்டதும் திரும்பியவர்களும், வீட்டைவிட்டே கிளம்பாதவர்களும் இதில் முழுமையாக இல்லை. 5, 10 வாக்கு வித்தியாச வார்டு ஒன்றில் இது பொருட்டாகலாம். 24-க்கு 6 என்ற இடைவெளியில் அல்ல.

#18 வன்னியூரான்

எங்கட ஆக்களுக்கு இதில பயன்படுற விசயம் ஒண்டு. இந்தியா, இலங்கை ரெண்டும் காமன்வெல்த் நாடு. பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்காட்டியும், சட்டப்படி விசாவோட இங்க வசிக்கிறவை பட்டியலில பதிஞ்சு உள்ளூராட்சித் தேர்தலில வாக்குப் போடலாம். மாணவர் விசா, வேலை விசா எல்லாம் சேர்த்துத்தான். பதியிறதுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலைநாள் முந்தி. காமன்வெல்த் பாஸ்போர்ட் வாக்குச்சாவடியில செல்லும். காலாவதியானாலும் படம் ஆளை ஒத்திருந்தால் சரி. படத்தோட ஒண்டுமே இல்லாதவைக்கு இலவச வாக்காளர் சான்றிதழ் உண்டு, அதுக்கு 6 வேலைநாள் முந்தி மாலை 5 மணிக்குள்ள விண்ணப்பிக்கவேணும்.

பிழை விடுற இடம்: பட்டியலில இருக்கிற பெயரும் அட்டையில இருக்கிற பெயரும். தகப்பன் பெயரை முன்னுக்குப் போட்டு ஒண்டில, பின்னுக்குப் போட்டு மற்றதில. முதலெழுத்து மட்டும் ஒண்டில, முழுப்பெயர் மற்றதில. சின்ன வித்தியாசத்தை அதிகாரி ஏற்கலாம், ஆனால் அது அந்த மேசையில இருக்கிறவரின்ர தீர்மானம். பதியேக்கயே பாஸ்போர்ட்டில உள்ளபடி எழுதினால் பிரச்சினை இல்லை.

#19 கீற்று

வேட்பாளராக நிற்பதற்கும் அதே விதியா?

#20 தேர்முட்டி

இல்லை, அது இறுக்கம். காமன்வெல்த் குடிமகன் நிற்கவேண்டுமென்றால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்கவேண்டும், அல்லது அனுமதியே தேவைப்படாதவராக இருக்கவேண்டும். வேலை விசாவில் வாக்குப் போடலாம், நிற்க முடியாது. கூடவே அந்த மாவட்டத்தோடு ஒரு பிணைப்பு: அங்கே வாக்காளராக இருப்பது, 12 மாதம் வசித்திருப்பது, 12 மாதம் முக்கிய வேலை அங்கேயே இருந்தது, அல்லது 12 மாதம் சொந்தமாகவோ வாடகைக்கோ அங்கே இடம் வைத்திருந்தது. இதில் ஒன்று போதும். ஆனால் முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பதவிக்காலம் முழுக்க அந்தப் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். நடுவில் மாவட்டத்தைவிட்டு வீடு மாறினால் பதவிக்கே ஆபத்து. எனவே பொருந்துகிற எல்லாவற்றையும் படிவத்தில் குறியுங்கள்.

டெபாசிட் கிடையாது. முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர். இருவரும் அதே வார்டின் வாக்காளர்கள். இவர்கள் பெயரைப் பட்டியலில் உள்ளபடியே எழுதவேண்டும், வாக்காளர் எண்ணோடு. கடைசி நாளில் வேட்புமனு திரும்புவது பெரும்பாலும் இந்த எண் தவறாலும், கட்சிப் பெயரைப் பயன்படுத்த அனுமதிக்கும் சான்றிதழில் கட்சி அதிகாரியின் கையெழுத்து இல்லாததாலும்தான். இரண்டாவது நடந்தால் நேரம் முடிவதற்குள் கட்சிப் பெயர் இல்லாத புது வேட்புமனு கொடுத்து ஆள் நிற்கலாம், ஆனால் சீட்டில் கட்சிப் பெயர் வராது. அந்த வார்டைக் கைகழுவ வேண்டியதுதான்.

செலவு வரம்பு 2023-ல் 806 பவுண்டும், வாக்காளர் ஒருவருக்கு 7 பென்சும். 2,500 வாக்காளர் வார்டுக்கு 806-ம் 175-ம் சேர்த்து 981 பவுண்டு. இருவர் வார்டில் ஒரே கட்சியின் இருவர் சேர்ந்து பிரசாரம் செய்தால் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு குறையும்; அதை மறந்து இரண்டு முழு வரம்பைச் செலவழித்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு. முடிவு வந்த 35 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்கவேண்டும். தோற்றவரும்தான். ஒரு பைசா செலவழிக்காதவரும்தான்.

#21 மழைத்தூறல்

வரம்பு இவ்வளவு சிறியது என்றால் சீட்டுக்கணக்கன் சொன்ன 5, 12, 24 கதை கொஞ்சம் புரிகிறது. 981 பவுண்டில் விளம்பரத்தால் வாங்க முடியாது, கால்நடையாகத்தான் சேர்க்கவேண்டும். சரி, அலை என்ற சொல்லைப் பாதி விலக்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

ஆனால் வென்று என்ன கிடைத்தது? மாவட்டக் கவுன்சிலுக்கு என்ன அதிகாரம் பெரிதாக இருக்கிறது?

#22 சீட்டுக்கணக்கன்

இங்கேதான் வாக்காளர்களே ஏமாறுகிறார்கள். சாலைக்குழி, பள்ளி, முதியோர் பராமரிப்பு, நூலகம் எல்லாம் மாவட்டத்துக்கு மேலே இருக்கும் சஃபோக் கவுண்டிக் கவுன்சில் கையில். 2021-ல் அங்கே 75-ல் கன்சர்வேட்டிவ் 55, கிரீன் 9. 2023-ல் மாவட்டம் மாறியபோது அந்த மேலடுக்கு மாறவில்லை. மாவட்டத்துக்குக் குப்பை, கட்டட அனுமதி, கவுன்சில் வீடு, வீடற்றோர், சுற்றுச்சூழல் சுகாதாரம், வாக்காளர் பட்டியல், கவுன்சில் வரி வசூல். வரியை மொத்தமாக வாங்குவது மாவட்டம். தனக்கு எடுப்பது அதில் சின்னத் துண்டு, பெரும்பங்கு கவுண்டிக்குப் போகும். அந்தத் துண்டையும் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது: 2023-24-ல் மாவட்டங்களுக்கு 3% அல்லது 5 பவுண்டு, எது அதிகமோ அதுவரை, தாண்டினால் வாக்கெடுப்பு.

ஊழியர்களும் பக்கத்து பேபர் மாவட்டத்தோடு பொது. தலைமை அலுவலகம் இப்ஸ்விச்சில் கவுண்டியோடு ஒரே கட்டடத்தில், அதாவது மிட் சஃபோக் எல்லைக்கு வெளியே! ஆண்ட்ரூ மெல்லன் தலைமையில் வந்த புதிய நிர்வாகம் உட்கார்ந்தது இந்த ஏற்பாட்டுக்குள்தான்.

#23 விதிநூல்

கட்டட அனுமதியில் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் கிராமப்புற வார்டுகளில் பலர் அதற்காகவே வாக்களிக்கிறார்கள். "இந்த வயலில் வீடு வராது" என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டு வென்ற கவுன்சிலர், அந்த விண்ணப்பம் குழுவுக்கு வரும்போது வாக்களிக்கலாமா? 2011 லோக்கலிசம் சட்டம் 25-ஆம் பிரிவு: முன்பு ஒரு கருத்தைச் சொன்னதாலேயே மனத்தை மூடிவிட்டார் என்று கொள்ளக்கூடாது. ஆனால் கூட்டத்தில் ஆதாரத்தைக் கேட்டு முடிவெடுப்பவராக நடந்துகொள்ளவேண்டும். அதிகாரிகளின் பரிந்துரைக்கு எதிராக நிராகரித்தால் திட்டமிடல் காரணம் ஒவ்வொன்றையும் கூட்டத்திலேயே எழுதவைக்கவேண்டும். இல்லையென்றால் மேல்முறையீட்டில் தோற்பதோடு, நியாயமின்றி நடந்ததாக எதிர்த்தரப்புச் செலவையும் கவுன்சில் கட்ட நேரும். அது வரிப்பணம்.

பேபர், மிட் சஃபோக் இரண்டுக்குமான, எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் கூட்டு உள்ளூர்த் திட்டத்தின் முதல் பகுதி 2023 நவம்பரில் ஏற்கப்பட்டது. தயாரிப்பு பல வருட வேலை. மே மாதம் வந்தவர்கள் நவம்பரில் கையெழுத்துப் போட்டார்கள். நாரிச்சிலிருந்து டில்பரி வரும் மின்கோபுரப் பாதைக்கு எதிர்ப்புப் பலகை வைத்த வீடுகள் நிறைய. அதில் தீர்மானம் மந்திரியினுடையது. மாவட்டம் கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது.

#24 வன்னியூரான்

அப்ப 24 இடம் எடுத்ததால வந்த பெரிய பலன் அடுத்த தேர்தலுக்கான அடித்தளம் எண்டுதான் சொல்லவேணும். 2024 ஜூலையில வேவெனி வேலி நாடாளுமன்றத் தொகுதியை கிரீன் கட்சியின்ர ஏட்ரியன் ராம்சி 5,593 வாக்கு வித்தியாசத்தில எடுத்தார். மிட் சஃபோக்கின்ர வடக்குப் பக்கம் அந்தத் தொகுதிக்குள்ளதான் வருது. கதவு தட்டுறதுக்கு ஏற்கெனவே கவுன்சிலர்மார் இருந்தவை.

#25 மழைத்தூறல்

ஆனால் அந்த அடித்தளமே இருக்குமா? மாவட்டங்களையும் கவுண்டியையும் கலைத்து ஒரே அடுக்காக்கும் திட்டம் வந்துவிட்டதே. 2025 மே மாதக் கவுண்டித் தேர்தலையே சஃபோக்கில் தள்ளிவைத்தார்கள்.

#26 சீட்டுக்கணக்கன்

ஆமாம். ஒரே அடுக்கு வந்தால் வார்டு எல்லை மறுபடி மாறும், ஒரு கவுன்சிலருக்கு வாக்காளர் எண்ணிக்கை கூடும், 2019-க்கும் 2023-க்கும் இடையில் செய்ததுபோல் ஒப்பிட முடியாது. 2015-ன் 40 இடத்தையும் 2019-ன் 34 இடத்தையும் நேரடியாக ஒப்பிட்டு "கன்சர்வேட்டிவ் 13 இழந்தது" என்று எழுதுபவர்கள் இப்போதே இருக்கிறார்கள். அதில் எத்தனை வாக்காளரால் போனது, எத்தனை எல்லைக்கோட்டால் போனது என்று அந்த எண் சொல்லாது. 2015-ஐ நான் மேலே போட்டது திசை காட்ட மட்டும்.

#27 கீற்று

கடைசியாக ஒன்று. என் பகுதி முடிவில் செல்லாத வாக்கு எத்தனை என்று எங்கே பார்ப்பது? செய்தித் தளங்களில் வென்றவர் பெயரும் வாக்கும் மட்டும்தான் இருக்கிறது.

#28 விதிநூல்

கவுன்சிலின் இணையதளத்தில் வார்டு வாரியாக முடிவு அறிவிப்பு இருக்கும். அதில் ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கு, கீழே செல்லாத சீட்டுகள் அந்த நான்கு வகையாகப் பிரித்து. இருவர் வார்டென்றால் "அதிகம் பேருக்குப் போட்டது" என்ற வரியை முதலில் பாருங்கள். ஒருவர் வார்டில் அந்த எண் கூடுதலாக இருந்தால், அதே நாள் அதே மண்டபத்தில் ஊர்ச்சபைக்குப் பலருக்குப் போடும் சீட்டும் கொடுத்திருப்பார்கள், மக்கள் இரண்டையும் குழப்பியிருப்பார்கள். சீட்டுகளே ஒரு வருடம் முத்திரையிட்டு வைக்கப்படும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் திறக்க முடியாது.